டிடர்மின்: முடிவெடுத்தல், அளத்தல், முடிவுறுத்தல் குறித்த ஆங்கிலச் சொற்களைப் பொருள் பிறழாமல் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

வாடகைக்குக் குடியிருப்பவருக்கு வரும் வழக்கறிஞர் அறிவிப்பிலும், மேல்நிலைப் பள்ளி மாணவரின் இயற்பியல் செய்முறைப் பதிவேட்டிலும், உரிமையியல் நீதிமன்றத்தின் தீர்ப்பாணையிலும் ‘டிடர்மின்’ என்ற ஒரே ஆங்கில வினைச்சொல் வருகிறது. முதல் தாளில் அதற்குப் பொருள் முடிவுறுத்துதல், இரண்டாவதில் அளந்து கண்டறிதல், மூன்றாவதில் தீர்மானித்தல். அகராதியில் முதலில் கண்ணில் படும் ‘தீர்மானி’ என்ற பொருளை மூன்றுக்கும் வைத்துப் படித்தால், வழக்கறிஞர் அறிவிப்பைப் பெற்றவர் தம் வாடகை உரிமை முடிக்கப்படுகிறது என்பதை உணராமல், இனிமேல்தான் ஏதோ முடிவெடுக்கப் போகிறார்கள் என்று எண்ணிக் கெடு நாளைத் தவறவிடுவார்.

இதனால்தான் இந்தச் சொற்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைவிட, அவை அனைத்துக்கும் அடியில் கிடக்கும் ஒரு கேள்வியைக் கேட்கப் பழகுவது மேல் என்று கருதுகிறேன். எல்லை எதன்மீது விழுகிறது என்பதே அந்தக் கேள்வி. விடை தெரியாத சிக்கலின்மீது விழுகிறதா, தெரியாத மதிப்பின்மீது விழுகிறதா, நடந்துகொண்டிருக்கும் உரிமையின்மீது விழுகிறதா என்று பார்த்துவிட்டால், உரிய தமிழ்ச் சொல் பெரும்பாலும் தானே வந்து நிற்கும்.

முதற்படி: வேரில் உள்ள எல்லையைப் பாருங்கள்

டிடர்மின் என்பது ‘டெர்மினஸ்’ என்ற இலத்தீன் சொல்லை வேராகக் கொண்டு, பழைய பிரெஞ்சு மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. டெர்மினஸ் என்றால் எல்லை, எல்லைக்கல். பண்டைய ரோமர்கள் நிலத்தின் எல்லையில் நட்ட கல்லை அதே பெயரில் தெய்வமாகவே வணங்கினர். பிப்ரவரி 23ஆம் நாள் கல்லின் இரு பக்கத்து நிலக்காரர்களும் கூடி மாலை சூட்டிப் படையலிடும் டெர்மினாலியா என்ற விழாவும் அவர்களிடம் இருந்தது. பேருந்துகள் புறப்பட்டு வந்து சேரும் டெர்மினஸ், தவணைக் காலத்தைச் சொல்லும் டெர்ம், முடித்துவிடுவதைச் சொல்லும் டெர்மினேட் ஆகிய எல்லாம் அந்தக் கல்லடியில் பிறந்தவை. உச்சரிப்பைப் பற்றி ஒரு சொல்: பலர் டிடர்மைன் என்கிறார்கள், கடைசி அசை ‘மின்’ என்றே ஒலிக்க வேண்டும்.

தமிழில் இந்த உறவு இன்னும் வெளிப்படையாக இருக்கிறது. ‘தீர்’ என்ற ஒரே வினையடியிலிருந்து, பொருள் தீர்ந்தது என்னும்போது முடிவும், தீர்ப்பு, தீர்மானம் என்னும்போது முடிவெடுத்தலும், தீர்வை என்னும்போது அளந்து விதித்தலும் கிடைக்கின்றன. நிலத்தின் சிட்டாவில் பரப்புக்குப் பக்கத்தில் தீர்வை என்று ஒரு தொகை எழுதப்பட்டிருக்கும். நிலத்தை அளந்து, வகைப்படுத்தி, இவ்வளவு என்று விதித்த வரி அது. ‘முடிவு’ என்ற சொல்லோ தீர்மானத்துக்கும் இறுதிக்கும் பொது. ‘அறுதி’ என்பது இறுதியையும் குறிக்கும், ஐயத்துக்கு இடமில்லாத உறுதியையும் குறிக்கும். ஆகவே டிடர்மின் என்ற சொல்லின் பல பொருள்களைக் கண்டு தமிழர் திகைக்க வேண்டியதில்லை.

அதே வகையில், முடிவெடுத்தலைக் குறிக்கும் ‘டிசைட்’ என்ற சொல்லின் இலத்தீன் வேருக்கு வெட்டி நீக்குதல் என்று பொருள். நம்மிடமும் துணித்தல் என்றால் வெட்டுதல், துணிதல் என்றால் முடிவு செய்தல். வரையறுத்தலைக் குறிக்கும் ‘டிஃபைன்’ என்பதில் இருப்பது ‘ஃபினிஸ்’, அதாவது எல்லை அல்லது முடிவு.

இரண்டாம் படி: செய்பவர் யார், செயல் எதைத் தொடுகிறது என்று பாருங்கள்

சொல்லின் பொருளைத் தேர்வதற்கு வாக்கிய அமைப்பைவிட நம்பகமான சான்று வேறில்லை. அதிகாரம் உள்ள ஒருவர் எழுவாயாக நின்று, பின்னால் ‘வெதர்’ (ஆமா, இல்லையா) என்று தொடங்கும் வினா வந்தால், அது முடிவெடுத்தல். ஆய்வாளரோ சோதனையோ எழுவாயாக நின்று, பின்னால் நிறை, வேகம், செறிவு போன்ற ஓர் அளவு வந்தால், அது கண்டறிதல். குத்தகை, ஒப்பந்தம், உரிமம் போன்றவை செயப்படுபொருளாக வந்தாலோ, அவையே எழுவாயாக நின்று செயப்படுபொருள் இல்லாமல் வாக்கியம் முடிந்தாலோ, அது முடிவுறுதல். ‘லீஸ் டிடர்மின்ஸ்’ என்ற இரண்டு சொல் வாக்கியத்துக்குக் குத்தகை முடிவுறுகிறது என்பதன்றி வேறு பொருள் இருக்க முடியாது. ‘டிடர்மின்ட்’ என்பதற்குப் பின் ‘டு’ வந்து ஒரு வினையும் வந்தால், அங்கே பேச்சு ஒருவரின் மனவுறுதியைப் பற்றியது.

செய்பவர் மனிதராக இல்லாமல் ஒரு காரணமாக இருக்கும்போதுதான் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் இடறுகிறது. வெப்பநிலை ஒரு வேதிவினையின் வேகத்தை டிடர்மின் செய்கிறது என்ற வாக்கியத்தை, ‘வெப்பநிலை வேகத்தைத் தீர்மானிக்கிறது’ என்று எழுதுவது இப்போது பரவலாகிவிட்டது. ‘வினையின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்து அமைகிறது’ என்பதே நம் வாக்கிய இயல்புக்கு ஏற்றது என்பது என் எண்ணம். தீர்மானிக்க மனம் வேண்டும். வெப்பநிலைக்கு மனம் இல்லை.

காரணமாக இருப்பதும் கண்டறிவதும் ஒரே தொடரில் மோதும் இடம் ஒன்று உண்டு. ‘செக்ஸ் டிடர்மினேஷன்’ என்ற தொடரை உயிரியல் பாடநூல் பால் நிர்ணயம் என்கிறது. எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் எப்படிச் சேர்ந்து ஆணோ பெண்ணோ உருவாகக் காரணமாகின்றன என்பது அந்தப் பாடம். அதே தொடர் 1994ஆம் ஆண்டின் கருத்தரிப்புக்கு முன்னும் பிறப்புக்கு முன்னும் செய்யும் கண்டறிமுறைகள் குறித்த சட்டத்தில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று கண்டறிவதைக் குறிக்கிறது. அச்சட்டத்தின் 6ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. ஸ்கேன் மையங்களின் சுவரில், கருவிலுள்ள குழந்தையின் பாலினத்தைக் கண்டறிவதும் தெரிவிப்பதும் குற்றம் என்று எழுதியிருப்பது அதனால்தான். அங்கே ‘பால் நிர்ணயம் குற்றம்’ என்று எழுதினால், இயற்கை செய்யும் வேலையைச் சட்டம் தடுப்பதுபோல் ஆகிவிடும்.

கணக்கில் வரும் ‘டிடர்மினன்ட்’ என்பதும் காரணப் பொருளையே சேர்ந்தது. 1801இல் கணிதவியலாளர் காஸ் இச்சொல்லை இருபடி வடிவங்களின் பண்புகளைத் தெரிவிக்கும் ஒரு கோவைக்குப் பயன்படுத்தினார். 1812இல் கணிதவியலாளர் கோஷி அதை இன்றைய பொருளில் நிலைப்படுத்தினார். இரண்டு சமன்பாடுகளின் கெழுக்களைக் குறுக்காகப் பெருக்கிக் கழித்து வரும் எண் சுழியாக இல்லாவிட்டால், அவற்றுக்கு ஒரே ஒரு தீர்வு உண்டு. தீர்வின் இயல்பு அந்த எண்ணைப் பொறுத்திருப்பதால் அந்தப் பெயர். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதை அணிக்கோவை என்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் உள்ள துணிகோவை என்ற பெயர் மூலச்சொல்லின் கருத்துக்கு நெருக்கமானது.

மூன்றாம் படி: முடிவெடுக்கும் சொற்களைப் பிரித்தறியுங்கள்

டிசைட் என்பது எவரும் எதையும் முடிவு செய்வதைக் குறிக்கும் பொதுச் சொல். டிடர்மின் வந்தால், சான்றுகளை ஆராய்ந்து, அதிகாரத்தோடு, ஒரு கேள்வியை மூடிவிடுவது என்ற அழுத்தம் கூடுகிறது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் தீர்ப்பாணைக்கு வகுக்கும் இலக்கணத்தில், வழக்கில் தகராறுக்கு உள்ளான பொருள்கள் குறித்துத் தரப்பினரின் உரிமைகளை ‘கன்க்ளூசிவ்லி டிடர்மின்ஸ்’ என்ற தொடர் இருக்கிறது. அறுதியாகத் தீர்மானிக்கும் ஆணைதான் தீர்ப்பாணை என்பது இதன் கருத்து. வழக்கின் போக்கில் நீதிமன்றம் பிறப்பிக்கும் இடைக்கால ஆணைகள் தீர்ப்பாணை ஆகாமல் போவது இந்தத் தொடரால்தான்.

‘ரிசால்வ்’ என்பது ஒரு கூட்டமோ அவையோ கூடித் தன் உறுதியை அறிவிப்பது. அதன் பெயர் வடிவமான ரெசல்யூஷன் என்பதற்குத் தமிழில் தீர்மானம் என்ற சொல் நிலைத்துவிட்டது. தனித் தமிழீழம் கோரிய 1976ஆம் ஆண்டின் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை ஈழத்தமிழ் அரசியல் அறிந்த எவரும் வேறு சொல்லால் சொல்வதில்லை. அதே அரசியலில், ‘செல்ஃப் டிடர்மினேஷன்’ என்பது சுயநிர்ணயம் ஆயிற்று. 1945ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் சாசனத்தில் இடம்பெற்ற அந்தத் தொடர், 1985இல் இலங்கை அரசோடு நடந்த திம்புப் பேச்சுவார்த்தையில் தமிழர் தரப்பு முன்வைத்த கோட்பாடுகளில் ஒன்றானது. தன் அரசியல் நிலைக்கு எல்லை இடுவது பிறரன்று, மக்களே என்பது அதன் பொருள்.

கவனமாகக் கையாள வேண்டிய சொல் ‘கன்க்ளூட்’. அதற்கு மூன்று பொருள்கள் உண்டு: பேச்சையோ கூட்டத்தையோ முடித்தல், சான்றுகளைக் கொண்டு ஒரு முடிவுக்கு வருதல், உடன்படிக்கை செய்துகொள்ளுதல். மூன்றாவது பொருள் முதற்பொருளுக்கு நேர் எதிர்போல் நிற்கிறது. மலையகத் தமிழர்களின் குடியுரிமையைப் பற்றிய சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபரில் கன்க்ளூட் ஆனது என்று ஓர் ஆங்கில நூலில் படித்தால், ஒப்பந்தம் அப்போது கையெழுத்தானது என்று பொருள். அப்போது காலாவதியானது என்று எழுதிவிட்டால் இலட்சக்கணக்கானோரின் வரலாறே தலைகீழாகும். முடிந்தது பேச்சுவார்த்தை, பிறந்தது ஒப்பந்தம்.

நான்காம் படி: அளக்கும் சொற்களில் நேராக அளந்ததையும் கணக்கிட்டு அடைந்ததையும் பிரியுங்கள்

‘மெஷர்’ என்றால் கருவியை வைத்து அளப்பது. டிடர்மின் என்றால் அளந்தவற்றைக் கொண்டு, நேராக அளக்க முடியாத ஒன்றின் மதிப்பை அடைவது. தனி ஊசல் சோதனையில் இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். ஊசலின் நீளத்தை அளவுகோலால் அளக்கிறோம். 100 சென்டிமீட்டர் என்று கொள்வோம். 20 அலைவுகளுக்கான நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தால் அளக்கிறோம், 40.2 வினாடி வந்தால் ஓர் அலைவுக்கு 2.01 வினாடி. இவை இரண்டும் மெஷர். நீளத்தை அலைவு நேரத்தின் இருமடியால் வகுத்து, பை (π) என்ற மாறிலியின் இருமடியின் நான்கு மடங்கால் பெருக்கினால் சுமார் 9.77 என்ற எண் வருகிறது. வினாடிக்கு வினாடி இத்தனை மீட்டர் என்று சொல்லும் புவியீர்ப்பு முடுக்கம் அது. எந்தக் கருவியின் முள்ளும் இந்தச் சோதனையில் 9.77ஐக் காட்டவில்லை, அதை அடைந்ததுதான் டிடர்மின். தமிழ்ப் பதிவேட்டில் ‘புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணல்’ என்று எழுதுகிறோம். ‘காண்’ என்ற அந்தச் சிறிய வினை மிகப் பொருத்தமானது. அதை விட்டுத் ‘தீர்மானித்தல்’ என்று மாற்ற வேண்டாம்.

‘எஸ்டிமேட்’, ‘அசஸ்’, ‘எவால்யுவேட்’, ‘வால்யுவேஷன்’ ஆகிய நான்கையும் தமிழில் மதிப்பீடு என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டோம் என்பது எனக்கு நெடுநாளாக உள்ள குறை. நான்கும் வேறு வேறு வேலைகள். எஸ்டிமேட் என்பது வேலை நடக்கும் முன்போ முழு விவரம் கைக்கு வரும் முன்போ போடும் உத்தேசக் கணக்கு. ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் வரும் பட்ஜெட் எஸ்டிமேட்டும், பின்னர் வரும் திருத்திய எஸ்டிமேட்டும், ஆண்டு முடிந்தபின் வரும் உண்மைக் கணக்கும் ஒன்றுக்கொன்று வேறுபடுவது அதனால்தான். அசஸ் என்பது ஒருவர் இவ்வளவு செலுத்தக் கடமைப்பட்டவர் என்று அதிகாரி கணித்து விதிப்பது. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில், 2022–23 நிதியாண்டின் வருமானத்துக்கு 2023–24ஐ அசஸ்மெண்ட் ஆண்டு என்று சொன்னது இந்தப் பொருளில். எவால்யுவேட் என்பது தரத்தை எடைபோடுவது. விடைத்தாள் திருத்துவது இதில் அடங்கும். வால்யுவேஷன் என்பது சொத்துக்கோ நகைக்கோ விலைமதிப்பு காண்பது.

எனவே எழுதும்போது முறையே உத்தேச மதிப்பீடு, வரி மதிப்பீடு, தர மதிப்பீடு, விலைமதிப்பு என்று ஒரு அடைமொழி சேர்த்துவிடுங்கள். படிப்பவருக்கு ஐயம் வராது.

‘கேஜ்’ என்பது அளக்கும் கருவிக்கும் நிலையாக வகுத்த அளவுக்கும் பெயர். மழைமானி ரெயின் கேஜ். 1,000 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள தண்டவாளம் மீட்டர் கேஜ், 1,676 மில்லிமீட்டர் உள்ளது பிராட் கேஜ். ‘கேலிப்ரேட்’ என்றால் பொருளை அளப்பதன்று, அளக்கும் கருவியையே ஒரு தரஅளவோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது.

ஐந்தாம் படி: முடிவுறுத்தும் சொற்களில் முடிவு எப்படி வந்தது என்று கேளுங்கள்

இந்தப் படியில் தவறினால் பணமும் வேலையும் வீடும் போகக்கூடும் என்பதால், இங்கே நிதானமாகச் செல்ல வேண்டும்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் 111ஆம் பிரிவுக்கு இட்ட தலைப்பு ‘டிடர்மினேஷன் ஆஃப் லீஸ்’. குத்தகை எந்தெந்த வழிகளில் முடிவுறும் என்று அது வரிசைப்படுத்துகிறது: குறித்த காலம் கழிந்துபோவது, உரிமைப் பறிப்பு, குத்தகைதாரரே ஒப்படைத்துவிடுவது, அறிவிப்புக் கெடு முடிவது முதலியவை. அதே சட்டத்தின் 106ஆம் பிரிவு, வேறு ஒப்பந்தமோ உள்ளூர்ச் சட்டமோ இல்லாதபோது, மாத வாடகையை 15 நாள் அறிவிப்பிலும், வேளாண்மைக்கோ உற்பத்தித் தொழிலுக்கோ விட்ட ஆண்டுக் குத்தகையை ஆறு மாத அறிவிப்பிலும் முடிக்கலாம் என்கிறது. ஆகவே உங்கள் டெனன்சி (வாடகை உரிமை) இன்ன நாளோடு டிடர்மின் செய்யப்படுகிறது என்று ஓர் அறிவிப்பு வந்தால், அதில் ஆலோசனைக்கோ பேச்சுக்கோ இடம் விட்டிருப்பதாக எண்ண வேண்டாம். கையில் கிடைத்த நாளைக் குறித்து வைத்துக்கொண்டு உடனே வழக்கறிஞரைப் பாருங்கள்.

மற்ற முடிவுச் சொற்களை, முடிவு எப்படி வந்தது என்ற ஒரே கேள்வியால் பிரிக்கலாம். ‘எக்ஸ்பயர்’ என்றால் குறித்த காலம் நிறைவடைந்து தானே முடிவது. யாருடைய செயலும் தேவையில்லை. ‘லேப்ஸ்’ என்றால் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதால் நழுவிப்போவது. பிரீமியம் கட்டாத ஆயுள் காப்பீடு லேப்ஸ் ஆகிறது, விதிகளுக்கு உட்பட்டு அதை உயிர்ப்பிக்கவும் முடிகிறது. இரண்டையும் காலாவதி என்றே எழுதுகிறோம். பாலிசியைப் பற்றி எழுதும்போதாவது ‘பிரீமியம் செலுத்தாததால் செயலிழந்தது’ என்று காரணத்தையும் சேர்த்து எழுதுவது நல்லது. ‘டெர்மினேட்’ என்றால் ஒருவர் வேண்டுமென்றே முடிப்பது. ‘ரிவோக்’ என்றால் கொடுத்ததைத் திரும்பப் பெறுவது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, ஏற்பு முழுமையாகும் முன் முனைவை, அதாவது ஒப்பந்தத்துக்காக முன்வைத்த கோரிக்கையை, திரும்பப் பெறுவது இது. ‘ரெசிண்ட்’ என்றால், தவிர்க்கத்தக்க (ஒரு தரப்பு விரும்பினால் விலக்கிக்கொள்ளக்கூடிய) ஒப்பந்தம் ஒன்றைத் தொடக்கத்திலிருந்தே இல்லாததாக்குவது. அப்படிச் செய்பவர் அதனால் தாம் பெற்ற பயனைத் திருப்பித் தர வேண்டும் என்று அச்சட்டத்தின் 64ஆம் பிரிவு சொல்கிறது. டெர்மினேட் செய்தால் நேற்று வரை நடந்தது நிற்கும். ரெசிண்ட் செய்தால் நேற்றும் கலைகிறது.

நாடாளுமன்றச் செய்திகளில் இந்தப் பிரிப்பு மிகவும் பயன்படும். ‘அட்ஜர்ன்’ என்றால் ஓர் அமர்வை ஒத்திவைத்தல். ‘புரோரோக்’ என்றால் கூட்டத்தொடரை முடித்துவைத்தல். ‘டிசால்வ்’ என்றால் மக்களவையைக் கலைத்தல். அரசமைப்பின் 107ஆம் உறுப்பின்படி, கூட்டத்தொடரை முடித்துவைத்தால் நிலுவையில் உள்ள மசோதா சாகாது. மக்களவையைக் கலைத்தால், அந்த அவையில் நிலுவையில் உள்ள மசோதா செயலிழக்கும். ‘அவை முடிந்தது’ என்று மூன்றுக்கும் பொதுவாக எழுதினால், ஒரு மசோதா உயிரோடு இருக்கிறதா இல்லையா என்பதைப் படிப்பவர் அறிய வழியில்லை.

வேலைக்கான ஆணையிலும் இப்படியே. டெர்மினேஷன் என்பது வேலை முடிவதற்கான பொதுச்சொல். அது தண்டனையாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், ஒழுங்கு நடவடிக்கையின் தண்டனையாக அல்லாமல் வேலையளிப்பவர் எந்தக் காரணத்தாலும் தொழிலாளியின் வேலையை முடிப்பதை ‘ரிட்ரெஞ்ச்மெண்ட்’ என்று வகுத்து, தாமே விரும்பி ஓய்வு பெறுவது போன்ற சிலவற்றை மட்டும் விலக்கியது. தமிழில் ஆட்குறைப்பு. ‘டிஸ்மிஸல்’ என்பது குற்றம் சாட்டி, விசாரித்து, தண்டனையாக நீக்குவது. கையில் வந்த கடிதத்தில் எது எழுதியிருக்கிறது என்பதைப் பார்க்காமல் வெறுமனே ‘வேலை போய்விட்டது’ என்று கொண்டால், இழப்பீடு கேட்கும் உரிமை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

ஆறாம் படி: ஒரே தாளில் மூன்று பொருளும் வரும் இடத்தில் பழகுங்கள்

அரசுக் கட்டட வேலைக்கான ஒப்பந்தம் இதற்கு மிக நல்ல பயிற்சித் தாள். வேலைக்கு முன் எஸ்டிமேட் இருக்கும். வேலை நடக்கும்போது, கட்டிய சுவரையும் போட்ட கான்கிரீட்டையும் பொறியாளர் அளந்து அளவீட்டுப் புத்தகத்தில் பதிகிறார். ஒப்பந்தக்காரர்கள் பேச்சில் அது எம் புக். பில்லுக்கு அடிப்படை எஸ்டிமேட் அன்று, எம் புக். முன்னதில் 100 கன மீட்டர் என்று இருந்து பின்னதில் 92 என்று பதிவானால், பணம் 92க்குத்தான் வரும்.

மத்தியப் பொதுப்பணித் துறையின் பொது ஒப்பந்த நிபந்தனைகளில், ஒப்பந்தத்தை எப்போது டிடர்மின் செய்யலாம் என்பதே 3ஆம் நிபந்தனையின் தலைப்பு. அங்கே இரண்டாம் படியின் சோதனையைச் செய்து பாருங்கள்: செய்பவர் பொறுப்புப் பொறியாளர், செயல் தொடுவது ஒப்பந்தம், எனவே முடிவுறுத்துதல். பொறியாளர் கையெழுத்திட்ட எழுத்து அறிவிப்பு அதற்கு ‘கன்க்ளூசிவ்’ சான்று என்ற சொல் தொடர்கிறது. அது முடித்தல் அன்று, அறுதியான சான்று. அடுத்து, ஒப்பந்தக்காரர் செய்த வேலையை ‘மெஷர் அப்’ செய்ய வேண்டும் என்று வருகிறது. அது கருவியை வைத்து அளப்பதுதான், உத்தேசம் அன்று. வைப்புத்தொகையும் செயல்திறன் உத்தரவாதமும் பறிமுதலுக்கு உள்ளாகலாம் என்பதும் அதே நிபந்தனையில் இருக்கிறது.

இனி, அவசரத்தில் பலரும் தாண்டிப் போகும் ஒரு சிறு தொடர். ஒப்பந்தக்காரர் வேலையைச் செய்வது என்ற அளவில் ஒப்பந்தத்தை டிடர்மின் செய்வதாக அந்த நிபந்தனை சொல்கிறது. முடிவதற்கே ஓர் எல்லை இட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இனிமேல் அவர் அங்கே வேலை செய்ய முடியாது. ஆனால் எம் புக்கில் ஏற்கெனவே பதிவான வேலைக்கான கணக்கும், அதைப் பற்றிய தகராறை நடுவரிடம் கொண்டுபோகும் வழியும் அந்த ஒரு சொல்லால் அழிந்துவிடுவதில்லை. அறிவிப்பைக் கையில் வைத்திருப்பவர் டிடர்மின் என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு போட்டால், ‘இந்த அளவில்’ என்று வரும் தொடரின் கீழ் இன்னொரு கோடு போட்டுக்கொண்டு வழக்கறிஞரிடம் செல்ல வேண்டும்.